தலைக்கு மேலே ஒரு வேலி

1

யாழ்ப்பாணத்தானுக்கு வேலியைப் பற்றி ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், காணிப் பிரிவில் இருந்தவன். என் மேசைக்கு வந்த பிணக்குகளில் பாதி, வேலி அடைக்கும்போது கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டதால் வந்தவை. கூடப் பிறந்த இருவர் அந்த ஒரு சாணுக்காகப் பல வருடம் பேசாமல் இருந்து, கடைசியில் தகப்பனின் பாடை எந்தப் படலையால் போவது என்று கச்சேரிக்கே வந்து கேட்டதைப் பார்த்திருக்கிறேன். வேலி என்றால் அடுத்த வீட்டுக்காரனை வெளியே நிறுத்துவது. அதற்கு வேறு பயன் இருப்பதாக எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

லண்டனுக்கு வந்த பிறகும் தொழில் பெரிதாக மாறவில்லை. ஒரு கவுன்சிலில் பார்க்கிங் தண்ட மேன்முறையீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதே அங்கேயும் கேள்வி. இப்போது எங்கள் முருகன் கோயிலில் அனுமதிகளுக்குப் பொறுப்பான செயலாளர். கோயிலில் மணி அடிப்பதற்கும் தேங்காய் உடைப்பதற்கும் தேர் இழுப்பதற்கும் இந்த நாட்டில் எந்தக் கந்தோரில் அனுமதி எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட நான், எழுபது தாண்டிய வயதில், ஒரு வேலியைப் பற்றிப் புதிதாகப் படிக்க வேண்டி வந்தது. அது நிலத்தில் இல்லை. வீதிக்குக் குறுக்கே, இரண்டு கம்பங்களின் மேலால் போகும் ஒரு மெல்லிய கம்பி. இந்த வருடத் தேரன்று அது அறுந்துவிட்டது.

எந்தப் பகுதி என்று கேட்காதீர்கள். வடமேற்கு லண்டனில் ஓரிடம். இடத்தைச் சொன்னால் கோயில் தெரிந்துவிடும். கோயில் தெரிந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் என் கதிரை போய்விடும்.

2

என் அடுத்த வீட்டுக்காரர் ஹெர்ஷல். கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், சமயப்பற்றுள்ள யூதர். அவருடைய மனைவி எஸ்தர் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்தவர். பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். கால்தான் போனது, வாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் வீடுகள் இருக்கும் சிறு ஒழுங்கையின் முகப்பில் இரண்டு கம்பம் நட்டுக் கம்பி கட்டியபோது, வழக்கம்போல அது எந்தத் திணைக்களத்தின் வேலை என்று விசாரிக்கப் புறப்பட்டேன். ஹெர்ஷல் முன்வளவில் நின்றார்.

“அது எங்கள் ஏரூவ்,” என்றார். “சனிக்கிழமை ஓய்வு நாள். வீட்டுக்குள்ளே எதையும் தூக்கலாம், தள்ளலாம். வீதியில் கூடாது. சட்டைப்பையில் வீட்டுக் கதவின் திறப்புகூட வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஊரைச் சுற்றி வேலி இருந்தால் ஊர் முழுக்க ஒரே வீட்டு வளவு. எஸ்தரைத் தள்ளிக்கொண்டு எங்கள் ஆலயத்துக்குப் போகலாம்.”

“ஒரு கம்பி வேலியாகுமா?”

“கம்பி வேலியில்லை, நாதன். அது வாசல். இரண்டு பக்கமும் நிலை, மேலே விட்டம். கதவு மட்டும் இல்லை. வேலிக்கு ரயில்பாதைக் கரை இருக்கிறது, பள்ளிக்கூட மதில் இருக்கிறது, உங்களுடைய பின்வேலி இருக்கிறது.”

“என்னுடைய வேலியா?”

“நல்ல வேலி,” என்றார் ஹெர்ஷல்.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒருவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே வழக்குப் போடப் பிரக்கிராசி வீட்டுக்குப் போயிருப்பேன். இங்கே என்ன செய்தேன் தெரியுமா? அன்று பின்னேரமே பின்வளவுக்குப் போய், நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்த பலகைக்கு ஆணி அடித்தேன். மனைவி குசினி யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

“நான் எத்தினை தரம் சொன்னனான், அப்ப அடிக்கேல்லை. இப்ப என்ன திடீரெண்டு?”

“இது இப்ப எங்கடை வேலி மட்டும் இல்லை.”

“அப்ப பெயின்ரும் அடியுங்கோ,” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை எஸ்தர் தொப்பி போட்டுக்கொண்டு வீதிக்கு வந்தார். அவர் கடைசியாக ஒரு சனிக்கிழமை வெளியே வந்து வருடங்கள் ஆகியிருந்தன. கம்பிக்குக் கீழே நாற்காலியை நிறுத்தச் சொல்லி, அண்ணாந்து பார்த்து, “இதைவிடத் தடித்த நூலால் நான் பொத்தான் தைத்திருக்கிறேன்,” என்றார்.

3

நடைமுறை என்றால் அதன் மூலம் வரைக்கும் போய்ப் பார்ப்பது என் வருத்தம். மருந்தில்லை. இலவச பஸ் பாஸ் இருப்பதால் நூலகத்துக்கும் போனேன். சந்தேகத்தை ஹெர்ஷலிடம் எல்லையில் நிற்கும் பிரைவெட் செடிக்கு மேலால் கேட்டேன்.

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் யூதர்கள் கிறிஸ்தவர்களுக்கு நடுவில்தான் இருந்திருக்கிறார்கள். பூட்டிய மதிலுக்குள் தனியாக அடைத்தது பெரும்பாலும் பிறகு வந்த ஏற்பாடு. அதற்கு முன் பலவிடங்களில் ஒரே தெரு, ஒரே கிணறு, சிலவேளை ஒரே முற்றம். லண்டன் நகர மத்தியில் யூதர்களின் பெயரால் இன்றைக்கும் ஒரு தெரு இருக்கிறது. இப்போது அங்கே வங்கிகளும் காப்பிக் கடைகளும்தான். அந்தக் காலத்தில் இங்கிலாந்து யூதர்கள் அரசனின் சொத்து. அரசனுக்குக் காசு தேவைப்படும்போது வரி, தேவையில்லாதபோது சட்டையில் அடையாளத் துண்டு, கடைசியில் எல்லோரும் வெளியே. திரும்ப உள்ளே விட நானூறு வருடத்துக்குக் கிட்ட எடுத்தது. என் நிரந்தர வதிவிட அனுமதி தாமதமாகிறது என்று ஒரு காலத்தில் நான் எழுதிய முறைப்பாடுகளை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

முற்றத்தில் கிறிஸ்தவர் ஒருவரும் குடியிருந்தால், அந்த முற்றத்தை ஒரே வளவாகக் கொள்வதற்கு அவருடைய பங்கை ஒரு சல்லிக்காவது வாடகைக்கு எடுக்க வேண்டும். ஊர் முழுவதற்கும் என்றால் ஊரை ஆளும் பிரபுவிடம் எடுக்க வேண்டும்.

“பிரபு தராவிட்டால்?”

“அவருடைய வேலைக்காரரிடம் எடுக்கலாம்,” என்றார் ஹெர்ஷல்.

கச்சேரியில் அரசாங்க அதிபர் மறுத்ததற்குப் பியோனிடம் கையெழுத்து வாங்குவதா! பிறகு யோசித்தேன். எத்தனையோ பேர் வெளியே வெயிலில் நிற்க, உள்ளே கோவைக் கட்டு நகர்ந்தது பியோனால்தானே.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்கால ஓய்வு நாளில் யூதர் அடுப்பு மூட்டக் கூடாது. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் வந்து மூட்டிவிட்டுப் போவாராம். அவரிடம் ‘மூட்டு’ என்று கேட்கவும் கூடாது என்பதுதான் பொது விதி. ‘இன்றைக்கு நல்ல குளிர்’ என்று காற்றைப் பார்த்துச் சொல்லலாம். கடுங்குளிர் நாடுகளில் அவர்களுடைய குருமார் விதியைத் தளர்த்தினார்கள். குளிருக்கு முன்னால் எல்லோரும் நோயாளிகள்தான் என்று தீர்ப்பு. லண்டனில் என் முதல் ஜனவரியை நினைத்து அந்தத் தீர்ப்புக்கு நானும் கையெழுத்து வைத்தேன்.

கிறிஸ்தவர்கள் யூத வீடுகளில் வேலை செய்யக்கூடாது, கூடியிருந்து சாப்பிடக்கூடாது என்று திருச்சபை திரும்பத் திரும்பக் கட்டளை போட்டது. ஒரு சுற்றறிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள் என்றால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். இதற்கு எனக்குச் சரித்திர ஆசிரியர் தேவையில்லை. ஹியர்போர்ட் என்ற நகரத்தில் ஒரு யூதக் கல்யாணத்துக்குக் கிறிஸ்தவர்கள் போகக்கூடாது என்று ஆயர் எச்சரித்தாராம். அழைப்பு வந்தவர்கள் உடுத்திக்கொண்டு போனார்கள். சாப்பிட்டு விளையாடிவிட்டு வந்தார்கள்.

“அப்படியானால் நல்ல அயல்,” என்றேன்.

ஹெர்ஷல் ஒரு செடி இலையைக் கிள்ளினார். “நெருப்பு மூட்டித் தந்தவனும் அயலவன்தான், நாதன். வீட்டுக்கு நெருப்பு வைத்தவனும் அயலவன்தான். எந்த வருடத்தில் எவன் என்பது முன்கூட்டித் தெரியாது.”

நானும் எண்பத்துமூன்று ஜூலையில் கொழும்பில் இருந்தவன்.

4

இனித் தேர். ஊரில் தேருக்கு அனுமதி கேட்பது முருகனிடம். இங்கே வீதிப் பிரிவிடம். ‘வாகனத்தின் ஓட்டுநர்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். ‘எஞ்சின்’: இல்லை. பிரேக் எப்படிப் பிடிப்பீர்கள் என்று ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் கேட்டாள். சக்கரத்துக்குக் கட்டை போடுவோம் என்றேன். ‘கட்டை’யை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். வழக்கமான ஞாயிற்றுக்கிழமையை வேறு யாரோ அதே வீதியில் ஓட்டப் பந்தயத்துக்கு முந்தி எடுத்துவிட்டதால், எங்களுக்குச் சனிக்கிழமை கிடைத்தது.

அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. வேறொரு கோயிலின் தேர் எங்களுடையதைவிட உயரம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். செவன் கிங்ஸில் மொத்தக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. தேர் முடிக்குப் பெரிய கலசம் ஒன்று செய்வித்து உபயம் செய்தார். அபிஷேகமும் முடிந்த பிறகுதான் நான் அளந்தேன். தேர் எங்கள் ஒழுங்கைக் கம்பிக்குக் கீழால்தான் போக வேண்டும்; கலசம் கம்பியைவிட ஒரு முழம் உயரமாக நின்றது.

அதே சனிக்கிழமை ஹெர்ஷலின் பேரனை ஆலயத்தில் மறைநூல் வாசிக்க அழைக்கும் நாள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. எஸ்தர் அதற்கென்று நீலத் தொப்பி வாங்கியிருந்தார். கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் வேலி முழுவதும் போய்விடும். அவர் வீட்டில் இருந்தால் வீட்டில், ஆலயத்தில் இருந்தால் ஆலயத்தில், வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை. ஜூலை மாதத்தில் லண்டனில் நட்சத்திரம் எப்போது தெரியும் என்பது உங்களுக்கு விளங்காது. இங்கே ராச்சாப்பாட்டையே வெயிலில்தான் சாப்பிடுகிறோம்.

ரபாய் என்று அவர்கள் சொல்லும் யூத குருவையும் எங்கள் குருக்களையும் என் வீட்டுக்கு அழைத்தேன். மனைவிக்குப் பெரிய தலையிடி.

“அவர் எங்கடை கோப்பையில குடிக்கமாட்டாராம். குருக்களும் வெளியில சாப்பிடமாட்டாராம். அப்ப நான் என்னத்தைத்தான் வைக்கிறது?”

தோல் உரிக்காத வாழைப்பழம் வைத்தோம். இருவரும் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன்.

ரபாய் இளைஞர். “கம்பி கொஞ்சம் தொய்யலாம், அறக்கூடாது. அவிழ்ப்பதும் வேலை, கட்டுவதும் வேலை. சனிக்கிழமை இரண்டும் முடியாது. தேரை வந்த வழியே திருப்பிக்கொண்டு போக முடியாதா?”

குருக்களுக்கு இதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்கவில்லை. “சுவாமி வலம் வாறவர். ரிவேர்ஸ் எடுக்கிறவர் இல்லை எண்டு சொல்லுங்கோ.”

“கலசத்தைக் கழற்றினால்?” என்றார் ரபாய்.

“கழட்ட ஏலாது. கழட்டினால் முதலிலயிருந்து திரும்பக் கிரியை.”

ரபாய் தாடியைத் தடவினார். “கழற்றக் கூடாது. சரி. சாய்க்கலாமா?”

குருக்கள் கண்ணை மூடினார். திறந்தார். “சாயப்படாது எண்டு ஒரு இடத்திலயும் இல்லை.”

நான் சொல்லி முடிக்கவும் ரபாய் மேசையில் தட்டிச் சிரித்தார். “இவர் எங்கள் ஆள்!”

சட்டனில் இருக்கும் என் மகள் தொலைபேசியில், “அப்பா, சீரியஸ்லி, இட்ஸ் எ பீஸ் ஒஃப் வயர்,” என்றாள். அவள் இப்போது எங்கள் விரதங்களையும் இதே குரலில்தான் விசாரிப்பாள். தேருக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாள், படம் எடுக்க.

கலசத்தின் அடியில் கதவுப் பிணைச்சல் பூட்டி, இழுத்துச் சாய்க்க ஒரு கயிறும் கட்டினோம். கார்த் தரிப்பிடத்தில் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தோம். தொண்டர்களைக் கூட்டி, “தேர் கம்பியில முட்டப்படாது, விளங்கிச்சுதோ?” என்று மூன்று தரம் சொன்னேன். எல்லோரும் ஓம் என்றார்கள்.

தேருக்கு முதல் நாள் ஹெர்ஷல் வாசலில் நிறுத்திக் கேட்டார். “நாளைக்கு நான் போன் எடுக்கமாட்டேன். கம்பிக்கு ஏதாவது நடந்தால் வந்து சொல்லுவீர்களா?”

“சொல்லுவேன்.”

“நடக்காவிட்டால் வர வேண்டாம். எஸ்தர் உங்களைப் பிடித்து மீன் தின்ன வைப்பாள்.”

5

இங்கே குணம் அண்ணையைச் சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் தேருக்கு முன்னால் கவட்டுத் தடியோடு போய், குறுக்கே வரும் கரண்ட் கம்பிகளைத் தூக்கிப் பிடிப்பது அவருடைய உரிமை. அவருக்கு முன் அவருடைய தகப்பன். லண்டனில் எங்கள் வீதிகளில் கரண்ட் நிலத்துக்குக் கீழால் போகிறது. இருந்தாலும் அவர் ஒவ்வொரு வருடமும் அதே மாதிரித் தடியோடு தேருக்கு முன்னால் நடந்து வந்தார். தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. இடைக்கிடை மரக் கிளையைத் தொட்டுப் பார்ப்பார். நாங்களும் ஒன்றும் சொல்வதில்லை.

சனிக்கிழமை மத்தியானத்தோடு தேர் எங்கள் ஒழுங்கை முகப்புக்கு வந்தது. தொண்டர் ஒருவர் கயிற்றை இழுக்க, கலசம் மெல்லச் சாய்ந்தது. சனம் அதை ஏற்கெனவே ஆகமத்தில் உள்ள ஏதோ என்று நினைத்து ‘அரோகரா’ என்றது. கம்பிக்குக் கீழே ஒரு கைப்பிடி இடைவெளி. நான் மூச்சுவிட்டேன்.

அந்த நேரத்தில் குணம் அண்ணை கம்பியைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். தடி எழும்பியது.

“அண்ணை, வேண்டாம்!” என்று கத்தினேன். மேளமும் நாதஸ்வரமும் எனக்கு மேலால் கத்தின.

அவர் ஊரில் தூக்கியது தடித்த செப்புக் கம்பி. அந்தப் பலத்தில் ஒரே தூக்கு. கம்பத்தின் மூடி கழன்று பறந்தது. கம்பி சுருண்டு சனத்துக்கு மேலே விழுந்தது. ஓர் அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேர் போய்விட்டது.

“என்ன அண்ணை செய்தனீங்கள்?”

“தேர் கம்பியில முட்டப்படாது எண்டு நீர்தானே மூண்டு தரம் சொன்னீர்? முட்டினதோ? முட்டேல்லையே!”

நான் யூத ஆலயத்தின் பக்கம் திரும்பினேன்.

மனைவி என் கையைப் பிடித்தாள். “இஞ்சாருங்கோ, சும்மா இருங்கோ. அந்த மனுசி பாவம். அதுகள் தெரியாமல் தள்ளிக்கொண்டு வரட்டும். தெரியாமல் செய்தால் குற்றமில்லைத்தானே?”

பார்க்கிங் மேன்முறையீட்டில் ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதியவர்கள் ஆயிரக்கணக்கு. ஒருவரையும் நான் விட்டதில்லை. ஆனால் அன்றைக்கு என் கால் நகரவில்லை என்பதும் உண்மை. நான் வாயைத் திறக்காவிட்டால் எஸ்தர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து படுப்பார். திறந்தால், தொப்பியோடு இரவுவரை ஒரு மண்டபத்தில் இருப்பார். ஹெர்ஷலிடம் சொல்லுவேன் என்று சொன்ன ஒரு சொல்தான் மற்றப் பக்கத்தில் இருந்தது. போனேன்.

6

வெறும் மேல், விபூதி, வேட்டி, அதற்கு மேல் தொண்டரின் மஞ்சள் ஜாக்கெட். இந்தக் கோலத்தில் நான் யூத ஆலய வாசலுக்குப் போக, அங்கே காவலுக்கு நின்ற இளைஞன் கையை நீட்டித் தடுத்தான்.

“கம்பி அறுந்துவிட்டது,” என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. “எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தான்.

உள்ளே சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. எஸ்தர் நீலத் தொப்பியோடு நடுவில் இருந்தார். முகம் சந்தோஷமாக இருந்தது, ஆனால் களைத்துப்போய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தார். நான் ஹெர்ஷலின் காதில் சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். ரபாயும் பேரனும் வந்தார்கள். செய்தி மேசை மேசையாகப் போனது.

“நாதன்,” என்றார் ஹெர்ஷல். “நான் உங்களிடம் ஒன்றும் கேட்க முடியாது. விளங்குகிறதா? கேட்கவே முடியாது.”

“நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையே.”

“இல்லை. கேட்கவில்லை.” யன்னலைப் பார்த்தார். “எஸ்தர் வழக்கமாக இந்த நேரம் படுத்திருப்பாள்.”

“இந்த மண்டபத்தில் கட்டில் இல்லை,” என்றார் பேரன், கூரையைப் பார்த்து.

“வெளியே நல்ல வெயில்,” என்றார் ரபாய். “காற்றும் இல்லை. போவதற்கு நல்ல நேரம். யாராவது போவதாக இருந்தால்.”

இவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு கணம் விழித்தேன்.

எஸ்தர் பெருமூச்சுவிட்டார். “எல்லோரும் வானிலை அறிக்கை வாசிக்கிறார்கள். எனக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது, நாதன். சும்மா ஒரு தகவலுக்குச் சொல்கிறேன்.”

அப்போதுதான் அந்த அடுப்பு நினைவுக்கு வந்தது. கச்சேரியிலும் சரி, கவுன்சிலிலும் சரி, விண்ணப்பம் இல்லாமல் நான் ஒருவருக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை. கேட்காதவனுக்கு இல்லை என்பது எங்கள் பிரிவில் முதலாவது விதி. விண்ணப்பித்தாலே நிராகரிக்க வேண்டிய விண்ணப்பம் ஒன்றை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன்.

நாற்காலிக்குப் பின்னால் போய் பிரேக்கை எடுத்தேன். “நான் வீட்டுப் பக்கம் போறன்,” என்று கூரைக்குச் சொன்னேன். தமிழில்தான் வந்தது. எல்லோருக்கும் விளங்கியது.

வெளியே மகள் நின்றாள். தாய் அனுப்பியிருக்க வேண்டும். “அப்பா, வட் ஆர் யூ டூயிங்?” என்று தொடங்கியவள், எஸ்தரின் மடியில் இருந்த பையைக் கண்டதும் கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றினாள். “கிவ் இட் ஹியர், ஆன்ட்டி,” என்று பையை வாங்கிக்கொண்டாள். ஹெர்ஷல் கையில் ஒன்றும் இல்லாமல் பக்கத்தில் நடந்தார்.

நேர் வழி மூடியிருந்தது. தேருக்காக அதை மூடுவித்தவன் நான்தான். தடையில் நின்ற காவல் கொம்பனிக்காரன் என் மஞ்சள் ஜாக்கெட்டைப் பார்த்தும் விடவில்லை, கடதாசியைக் காட்டினான். கடதாசியை எழுதியவனும் நான்தான். சரியாக எழுதியிருந்தேன், ஓட்டை இல்லை. சுற்றிக்கொண்டு ஒழுங்கை முகப்பால்தான் வர வேண்டியிருந்தது.

அங்கே குணம் அண்ணை தடியோடு தனியாக நின்றார். யாரோ அவருக்கு விஷயத்தை விளங்கப்படுத்தியிருந்தார்கள். எஸ்தரைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஆங்கிலம் வரவில்லை. திரும்பி எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

“வழி விடுங்கோ! வழி விடுங்கோ!”

சனம் விலகியது. சில பேர் கைகூப்பினார்கள். எஸ்தர் அரசி மாதிரிக் கையை அசைத்தார்.

மூடி கழன்ற கம்பத்தடிக்கு வந்தோம். மேலே வெறும் ஆகாயம். குணம் அண்ணை நின்று, அண்ணாந்து பார்த்து, இரண்டு கையாலும் கவட்டுத் தடியை உயர்த்திப் பிடித்தார். எஸ்தர் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

நான் மெதுவாகத் தள்ளினேன்.